‘அடி மூலக்கூறு’க்கு மாற்றாக ‘வேர்ப்படுகை’

நண்பர்களுக்கு வணக்கம்.

தென்னைநார்த்தூள், மண்புழு உரம், இலைமட்கு ஆகியவற்றை நிரப்பிய தட்டுகளிலும் பைகளிலும் லெட்டூஸ் முதலான சாலட் கீரைகளை வளர்க்கிறோம். வேர் பிடிக்கும் அந்தப் பொருளுக்கு இன்னும் ஒரு நல்ல பெயர் அமையவில்லை. ஆங்கிலத்தில் substrate எனப்படும் அதற்கு இப்போது பரவிவரும் ‘அடி மூலக்கூறு’ என்ற சொல்லை முதலில் கைவிட வேண்டும். மூலக்கூறு என்பது அணுக்களின் சேர்க்கைக்கு வேதியியலில் நிலைத்துவிட்ட பெயராதலால், அதைப் படிக்கும் மாணவருக்குக் கையால் அள்ளக்கூடிய நார்த்தூள் நினைவுக்கு வராது. ‘வளர் ஊடகம்’ அவ்வளவு பிழையானதன்று. ஆனால் நுண்ணுயிரியலில் ஊடகம் என்பது உயிருக்கு உணவூட்டுவது. நார்த்தூளோ தன்னளவில் மிகக் குறைந்த ஊட்டமே தருகிறது.

என் பரிந்துரை ‘வேர்ப்படுகை’. குழித்தட்டில் நன்கு வேர்விட்ட லெட்டூஸ் நாற்றை மெல்ல உருவினால், வெள்ளை வேர்கள் நார்த்துணுக்குகளைப் பற்றிக்கொண்டு, குழியின் வடிவம் கலையாமல் வெளிவரும். ஊறிய தூளை உள்ளங்கையில் அழுத்தினால் சில சொட்டு நீர் கசியும். கையை விரித்து விரலால் தொட்டால் பொலபொலவென உதிரும். நிலைகொள்ள இடம், நீர், காற்று மூன்றையும் ஒருசேரத் தரும் இந்த இயல்புக்கு, ஆற்றுப்படுகை என்று சொல்லும்போதே ஈரத்தை நினைவூட்டும் ‘படுகை’ பொருந்துகிறது. படுகை இடத்தைக் குறிக்குமே தவிரப் பொருளைக் குறிக்காது என்ற மறுப்பு நியாயமானது. ஆகவே மூட்டையில் இருக்கும்போது ‘படுகைப்பொருள்’ என்றும், நிரப்பி நட்டபின் ‘வேர்ப்படுகை’ என்றும் வழங்கலாம்.

அடைமொழியில்தான் கூடுதல் கவனம் தேவை. ‘இயற்கை வேர்ப்படுகை’ என்றால் சாகுபடி முறையே இயற்கை வேளாண்மை என்று வாசகர் எண்ணிவிடுவார். தென்னைநார்த்தூளில் தங்கியிருக்கும் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் வெளியேற்றக் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்துக் கழுவுவது வழக்கம். அந்தக் கரைசலோ செயற்கை உரம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2018/848 எண்ணுள்ள ஒழுங்குவிதி, சில விலக்குகள் நீங்கலாக, உயிருள்ள மண்ணில் விளைந்த பயிருக்கே இயற்கை வேளாண் விளைபொருள் என்னும் தகுதியை அளிக்கிறது. எனவே தாவரம் முதலான உயிர்களிலிருந்து வந்தது என்று பொருளின் மூலத்தை மட்டும் சுட்டும் ‘கரிம’ என்பதே நேர்மையான அடைமொழி. பெர்லைட் (சூட்டில் பொரிந்த எரிமலைக் கண்ணாடித் துணுக்கு), பாறைக்கம்பளி (பாறையை உருக்கி இழையாக்கியது) போன்றவற்றுக்குக் ‘கனிம வேர்ப்படுகை’ என்ற இணைச்சொல்லும் இதனால் இயல்பாகக் கிடைக்கிறது.

‘மண்ணில்லா’ என்பதைப் பெயரில் சேர்க்காமல் வரையறையில் வைத்தால் போதும். படுகையே இல்லாமல் ஊட்ட நீரிலும் நீர்த்தூவலிலும் வளர்ப்பதும் மண்ணில்லா முறையே; ஆகவே அச்சொல் வேர்ப்படுகையைத் தனித்துக் காட்டாது.

புழக்கத்தில் நிற்குமா என்று பார்க்க, ஒரு பயிற்சிக் குறிப்பின் வரியை இச்சொல்லைக் கொண்டு எழுதினேன்: “லெட்டூசுக்குக் கரிம வேர்ப்படுகையின் கார அமில நிலை (pH) 5.5 முதல் 6.5 வரை இருக்கட்டும். படுகைப்பையின் அடியில் வடிகால் துளை இடுக.” எனக்கு நெருடவில்லை. நாற்றங்கால் வேலையில் இருப்பவர்கள் இதை உரக்கப் படித்துப் பார்த்துச் சொல்ல வேண்டுகிறேன்.