‘தண்ணீர்’ முடித்தாச்சு, அடுத்து எது?

தண்டையார்பேட்டை வாசகி: அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நாவலைப் படித்து முடித்தேன். ஜமுனாவிடம் டீச்சரம்மா தன் கல்யாண வாழ்க்கையைச் சொல்லும் இடம் மனதை விட்டுப் போகவே இல்லை. தண்ணீர் லாரி ஹாரன் கேட்டதும் குடத்தோடு ஓடும் எங்கள் தெருவுக்கு இது பழைய கதையும் இல்லை. அடுத்து ‘புயலிலே ஒரு தோணி’ எடுக்கலாமா?

பதில் 1: தாராளமாக. ப. சிங்காரம் எழுதியதே இரண்டு நாவல்தான். இந்தோனேசியாவின் மெடான், மலேசியாவின் பினாங்கு என்று ஆரம்பத்தில் கொஞ்சம் சுற்றவிடும், விட்டுவிடாதீர்கள், அப்புறம் கதாநாயகன் பாண்டியன் இழுத்துக்கொண்டு போவான்.

பதில் 2: அக்கா, நான் காசிமேடு, மீன்பிடித் துறைமுகப் பக்கம். ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’ (2004) படியுங்கள். தெற்கத்திக் கடற்கரைப் பேச்சு, எனக்கே பல சொல் புரியவில்லை, ஆனாலும் நடுக்கடலில் மிதந்து தவிக்கும் பக்கங்களில் புத்தகத்தைக் கீழே வைக்க முடியவில்லை. ஆட்கள் அதிகம், யார் யாருக்கு என்ன உறவு என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.