உப்புவெளி விடுதிக் கடன்கள்: ஏலத்தை அரசு நிறுத்த வேண்டுமா?

உப்புவெளியான்:
இலங்கையில் திருகோணமலைக்குப் பக்கத்து உப்புவெளிக் கடற்கரையில் என் விடுதி, 12 அறை. 2017இல் மூன்று கோடி கடன் எடுத்துக் கட்டினேன். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்பு, எங்கள் சீசன் தொடங்கப் பத்து நாள் இருக்கும்போது. அடுத்து கொரோனா, அடுத்து 2022 பொருளாதார நெருக்கடி. தவணைக்கு அரசு சலுகைக் காலம் தந்தது உண்மை. ஆனால் அந்த மாதங்களின் வட்டி ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் அதையும் புதுக் கடனாக எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே தடவையில் கொள்கை வட்டியை (மற்ற வட்டிகளுக்கு அடிப்படையான வட்டியை) 7 சதவீதப் புள்ளிகள் கூட்ட, என் தவணையும் ஏறியது. இப்போது பராட்டே சட்டத்தில் ஏலம் விடப் போவதாக வங்கியிலிருந்து கடிதம். 1990ஆம் ஆண்டுச் சட்டம். நீதிமன்றம் போகாமலே ஈடு வைத்த சொத்தை விற்கலாம். 2024இல் அதை நிறுத்தி வைத்து, பிறகு 2025 மார்ச் 31 வரை நீட்டினார்கள். சுற்றுலாக் கடன்களுக்கு மறுபடியும் நிறுத்த வேண்டும் என்கிறேன்.

வைப்புக்காரன்:
அண்ணா, வாசிக்கக் கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் மறுக்கிறேன். வங்கி உங்களுக்குத் தந்தது என் அம்மாவைப் போன்றவர்கள் போட்ட காசு. 30 வருடம் படிப்பித்து ஓய்வுபெற்றவ, அந்த வைப்பு வட்டியில்தான் மருந்து வாங்குகிறா. வங்கி ஆட்டம் கண்டால் வரி கட்டுகிறவர்கள்தான் தாங்க வேண்டும். 2024 வரவு செலவுத் திட்டத்தில் வங்கிகளின் மூலதனத்துக்கு 450 பில்லியன் ரூபாய் ஒதுக்கினார்கள்.

இன்னொன்று. 2021இல் இரண்டு இலட்சம் பயணிகள்கூட வராத நாட்டுக்கு 2024இல் 20 இலட்சத்துக்கு மேல் வந்தார்கள். அப்படியும் அறை காலி என்றால் கடன் மட்டும் காரணமில்லை. போர் முடிந்த பிறகு எல்லோரும் ஒரே கணக்குப் போட்டு நிலாவெளி வரை கட்டிவிட்டோம். ஏலத்தைத் தள்ளிப்போட்டால் அறைகள் குறையாது. ஆளுக்காள் விலையைக் குறைத்து, நன்றாக நடத்துகிறவரும் விழுவார்.

உப்புவெளியான்:
அந்த 20 இலட்சம் பேர் எந்த மாதம் எங்கே போனார்கள் என்றும் பார், தம்பி. டிசம்பர், ஜனவரியில் சீசன் தெற்குக் கடற்கரைக்கு. இங்கே வாடையும் மழையும், பயணிகள் பார்க்கப் போகும் புறாமலைத் தீவுக்குப் படகு போகாது. எங்களுக்கு மே முதல் செப்டெம்பர் வரைதான் உழைப்பு. வங்கிக்கோ பன்னிரண்டு மாதமும் ஒரே தவணை. சீசனில் கூடக் கட்டுகிறேன், மாரியில் வட்டி மட்டும் கட்டுகிறேன் என்று மூன்று தரம் எழுதிக் கொடுத்தேன். அப்படி ஒரு முறை இல்லை என்றார்கள். வயல் செய்கிறவருக்கு அறுவடை முடியக் கட்டும் கடன் இருக்கிறதே, கடற்கரையை நம்பியவருக்கு ஏன் இல்லை?

நிலாவெளிப் பிள்ளை:
வைப்புக்காரன் அண்ணா, ஏலம் விட்டால் மட்டும் அறை குறையுமா? வாங்குகிறவர் அதே 12 அறையைப் பாதி விலைக்கு எடுத்து விடுதியாகத்தான் நடத்துவார். ஊரில் அவ்வளவு காசு யாரிடம் இருக்கிறது? காணி வெளியாருக்குப் போகும். அங்கே அறை துப்புரவு செய்கிற என் சித்திக்கு வேலை இருக்குமோ தெரியாது.

கோணேசபுரியில் பல்கலைக்கழக வளாகம் இருக்கிறது. நான் படித்தபோது ஓர் அறையில் நாலு பேர் இருந்தோம். மழை மாதங்களில் காலியாகக் கிடக்கும் அறைகளை அரசு வாடகைக்கு எடுத்து மாணவர்களுக்குக் கொடுத்தால் என்ன?

வைப்புக்காரன்:
தங்கச்சி சொன்னது நான் யோசிக்காத பக்கம். ஏலம் அறையைக் குறைக்காது, சரி. ஆனால் மே மாதம் மாணவர்களை எங்கே அனுப்புவது? எடுத்தால் வருடம் முழுவதும் எடுக்க வேண்டும். அப்படிச் சில விடுதிகள் சுற்றுலாவை விட்டே விலகினால்தான் மற்றவை பிழைக்கும்.

எல்லோருக்கும் ஒரே தடை என்பதை இப்போதும் ஏற்க மாட்டேன். சீசன் வருமானத்தில் கட்டக்கூடியவருக்குத் தவணையை மாற்றட்டும். முடியாதவர் விற்கத்தான் வேண்டும். நலிந்த தொழில்களை மீட்கத் தனிப் பிரிவு அமைக்கும்படி மத்திய வங்கி 2024இல் வங்கிகளுக்குச் சொன்னது. அங்கே முழுக் கணக்கையும் காட்டுவீர்களா அண்ணா? கையில் வாங்கிய காசையும் சேர்த்து?

உப்புவெளியான்:
காட்டுவேன். அசலில் ஒரு சதம் குறைக்கச் சொல்லவில்லை. சீசன் காசு மூலக் கடனுக்குப் போதும். சலுகைக் காலத்தில் ஏறிய வட்டியைத்தான் என்னால் தூக்க முடியவில்லை. அதை வெட்டட்டும்.

வைப்புக்காரன்:
வெட்டினால் அந்தப் பாரம் யாருக்கு? அம்மாவின் வைப்புக்கா?

உப்புவெளியான்:
இல்லை. அரசும் வங்கியும் பாதிப் பாதி. 2019இல் கடையை மூடியது நானும் இல்லை, உன் அம்மாவும் இல்லை.