நிறுத்தி வைத்த வண்டியில் பெட்ரோல் ஒழுகியபோது

என் தந்தை 1986இல் வாங்கிய 350 சிசி புல்லட், அவர் மறைந்த பிறகு ஆறு ஆண்டுகள் கொட்டகையில் சாக்கு போர்த்தியபடியே நின்றது. சென்ற ஆனி மாதம் அதைத் துடைத்து, புதிய பிளக் போட்டு ஓட்டத் தொடங்கிய மூன்றாம் நாள் மாலை, திண்ணை மாடத்தில் விளக்கேற்ற வந்த என் மனைவி, பெட்ரோல் வாடை வீசுவதாகச் சொல்லித் தீக்குச்சியைக் கிழிக்காமலேயே திரும்பிவிட்டார். குனிந்து பார்த்தேன், பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரிலிருந்து சொட்டுச் சொட்டாகப் பெட்ரோல் இறங்கித் தரை நனைந்திருந்தது. டேங்கின் அடியில் உள்ள டேப்பை மூடியதும் சிறிது நேரத்தில் நின்றது.

மறுநாள் மெக்கானிக் ஒருவர், "ஓவர் ஆகுது, ஃப்ளோட்டை இறக்கி வைத்தால் போதும்" என்று கூறி, கார்புரேட்டர் கிண்ணத்தில் மிதந்து பெட்ரோல் மட்டத்தைக் கட்டுப்படுத்தும் அந்த மிதவையின் நாக்கை, அதாவது சிறு தகட்டை, சற்றே வளைத்துக் கொடுத்தார். ஒழுகல் நின்றது. ஆனால் மேட்டில் ஆக்சிலேட்டரை முழுதாகத் திருகினால் வண்டி திணறியது. கிண்ணத்தில் பெட்ரோல் மட்டம் தேவைக்கும் கீழே போய்விட்டதால் ஜெட் எனும் சிறு துளை வழியாகப் போதுமான அளவு ஏறவில்லை. இருக்கிற நோயோடு பட்டினியும் சேர்ந்ததுதான் மிச்சம், ஏனெனில் பத்தாம் நாள் மீண்டும் ஒழுகியது.

அதன் பிறகே நானாகக் கழற்றினேன். கிண்ணத்தில் பெட்ரோல் நிறைய நிறைய மிதவை மேலெழும்பி, கூம்பு முனையுள்ள ஒரு சிறு ஊசியைத் துளையில் அழுத்தி பெட்ரோல் வருவதை அடைக்க வேண்டும். என் ஊசியின் முனையைச் சுற்றி மோதிரம் போல ஒரு பள்ளம் விழுந்திருந்தது. கிண்ணத்தின் அடியில் செம்பழுப்புத் தூள் படிந்திருந்தது. கார்புரேட்டரைத் தலைகீழாகப் பிடித்து, மிதவையின் எடை ஊசியை அழுத்தும்படி வைத்துக்கொண்டு பெட்ரோல் குழாயில் ஊதினேன். அடைபட வேண்டிய காற்று தாராளமாகப் போயிற்று. ஊசியையும் அது அமரும் பித்தளைத் துளையையும் சேர்த்தே மாற்றி, வளைத்த நாக்கைப் பழைய நிலைக்குக் கொண்டு வந்த பின், காற்று போகவில்லை.

ஒன்பது நாள்தான் நிம்மதி. இம்முறை புதிய ஊசியில் குறையில்லை. அதன் முனையில் ஒரு துகள் துரு ஒட்டியிருந்தது, அவ்வளவே. ஆறு ஆண்டுகள் பாதி வெறுமையாகக் கிடந்த டேங்கின் உட்புறம் துருப்பிடித்திருந்ததை அப்போதுதான் டார்ச் அடித்துப் பார்த்தேன் (முதல் நாளே பார்த்திருக்க வேண்டும்). மண்ணெண்ணெயும் ஒரு கைப்பிடி சிறு நட்டுகளும் போட்டுக் குலுக்கிக் கழுவியபோது வந்த எண்ணெய் செம்மண் குட்டை போலிருந்தது. குழாயில் ஒரு வடிகட்டியும் சேர்த்தேன். பெட்ரோல் சிலிண்டருக்குள்ளும் இறங்கியிருந்ததால் எஞ்சின் ஆயில் நீர்த்து பெட்ரோல் வாடை அடித்தது, அதையும் மாற்றினேன். இப்போது ஐந்து மாதமாகச் சொட்டவில்லை.

இதைப் படித்த ஒருவர் எழுதியது: ஐயா, என் பழைய காரில் ஊசியும் டேங்கும் சுத்தமாக இருந்தும் இதே தொல்லை. பித்தளை மிதவையைக் காதருகே ஆட்டியபோது உள்ளே 'களக்' என்று ஓசை கேட்டது. சுடுநீரில் அமிழ்த்தியதும் மயிரிழை வெடிப்பு ஒன்றிலிருந்து குமிழிகள் வந்தன. பெட்ரோல் புகுந்து கனத்த மிதவை எப்படி எழும்? பற்றவைத்துத் தருவதாகச் சிலர் சொன்னார்கள். உள்ளே பெட்ரோல் ஆவி இருக்கும் பொருளை நெருப்பருகே கொண்டுபோக மனமின்றிப் புதியதே வாங்கினேன்.

இன்னொருவர் எழுதியது: எனக்கு நேர்ந்தது வேறு. பழைய இயந்திரப் பம்பு தேய்ந்ததால் மின்பம்பு பொருத்தினேன், அன்றே வழிந்தது. கார்புரேட்டருக்குச் சதுர அங்குலத்துக்கு 2 முதல் 4 பவுண்டு அழுத்தமே போதும், கடைக்காரர் கொடுத்ததோ இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு உரிய பம்பு. அதன் மிகையான அழுத்தத்தைத் தாங்க எந்த மிதவைக்கும் வலுவில்லை. பம்பை மாற்றியதும், கார்புரேட்டரைத் தொடாமலேயே வழிவது நின்றது.