ஸ்பைடர்மேன் 122: துக்கத்தைச் சொன்ன இதழா, நழுவிப் போன இதழா?

மைக்கூடு:
‘அமேசிங் ஸ்பைடர்மேன்’ காமிக்ஸின் 121-ஆம் இதழைப் பற்றி (1973 ஜூன்) ஆளாளுக்குப் பேசியாச்சு. வில்லன் க்ரீன் காப்ளின், பீட்டரின் காதலி க்வென் ஸ்டேசியைப் பாலத்திலிருந்து தள்ளிவிடுகிறான், பீட்டர் (ஸ்பைடர்மேனின் நிஜப் பெயர்) வலையால் பிடிக்கிறான், இழுத்துப் பார்த்தால் பிணம். அதற்குப் பிறகு மனுஷன் என்ன ஆகிறான் என்பது அடுத்த மாத இதழில்தான் இருக்கிறது. எழுத்து ஜெரி கான்வே, பென்சில் ஓவியம் கில் கேன். அடிதடிக்குப் பிந்தைய மனநிலையை இவ்வளவு சிக்கனமாகச் சொன்ன 20 சென்ட் இதழ் வேறு இல்லை என்பது என் கட்சி. (லயன் காமிக்ஸில் வந்த வேறொரு ஸ்பைடரைத் தேடி வந்தவர்கள் மன்னிக்கவும், இவர் மார்வெல்காரர்.)

கட்டத்துக்கு_வெளியே:
சிக்கனமா? முக்கியமானதையே விட்டுவிட்டார்கள் பாஸ். வலை அவள் காலைப் பிடிக்கும் கட்டத்தைப் பாருங்கள். கழுத்துப் பக்கத்தில் பொடி எழுத்தில் ‘ஸ்நாப்’ என்று இருக்கும். விழுந்ததால் சாகவில்லை, சட்டென நிறுத்தியதால் கழுத்து முறிந்தது. ஜேம்ஸ் ககாலியோஸ் என்ற இயற்பியல் பேராசிரியர் இதற்குக் கணக்கே போட்டிருக்கிறார். சுமார் 300 அடி விழுந்தால் வேகம் மணிக்கு 95 மைல், அதாவது நொடிக்கு 42 மீட்டர். அரை நொடியில் நிறுத்தினால் கிட்டத்தட்ட 10 ஜி, அதாவது புவியீர்ப்பைப் போல் பத்து மடங்கு. 50 கிலோ உடம்பைச் சுமார் 480 கிலோ விசையில் வெடுக்கென்று இழுத்த மாதிரி. தலைகீழாகத் தொங்குகிறவளுக்குத் தலையைத் தாங்க எதுவுமில்லை. அதே வலை இரண்டு நொடி நீண்டு கொடுத்திருந்தால் 3 ஜி-யோடு போயிருக்கும், ஆனால் அதற்கு இன்னும் 42 மீட்டர் இறங்க இடம் வேண்டும்.

இவ்வளவையும் வாசகனுக்குக் காட்டிவிட்டு 122-ல் பீட்டர் அதை ஒரு தடவைகூட நினைப்பதில்லை. பழி முழுக்க காப்ளின் தலையில். இது துக்கமில்லை, வெறும் பழிவாங்கல்.

மைக்கூடு:
அவனுக்குத் தெரியாது, அதுதானே விஷயம்! 121-ல் அவளை மேலே இழுக்கும்போது ‘காப்பாற்றிவிட்டேன்’ என்று பெருமையடிக்கிறான். சத்தம் நமக்கு மட்டும்தான் கேட்டது. அந்த உயரத்திலிருந்து விழுந்தால் தரையைத் தொடுமுன்பே உயிர் போய்விடும் என்று காப்ளின் வேறு சொல்லிவைக்கிறான். வலை நிறுத்திய அதிர்ச்சிதான் கொன்றது என்று பதிப்புக்குழு ஒத்துக்கொண்டதே 125-ஆம் இதழின் வாசகர் கடிதப் பக்கத்தில்.

கட்டத்துக்கு_வெளியே:
கதைக்குள் சொல்ல வேண்டியதைக் கடிதப் பக்கத்தில் சொன்னால் அதற்குப் பேர் சமாளிப்பு. இன்னொன்று: பீட்டர் காப்ளினை அடித்து நொறுக்குகிறான், கொல்லப்போகும் நேரத்தில் தானே கையை நிறுத்திக்கொள்கிறான். இதுவரை சரி. உடனே காப்ளின் தான் ஏறிப் பறக்கும் கிளைடரைப் பின்னாலிருந்து வரவழைக்கிறான், பீட்டர் விலகுகிறான், அது காப்ளினையே குத்துகிறது. வில்லனும் செத்தான், ஹீரோ கையிலும் ரத்தமில்லை. இதைவிட வசதியான சாவு உண்டா?

பழைய_தாள்:
குறுக்கே ஒரு சின்ன விஷயம். வசனம் ஜார்ஜ் வாஷிங்டன் பாலம் என்கிறது, படம் பார்க்க ப்ரூக்ளின் பாலம் மாதிரி இருக்கிறது. எந்தப் பாலம் என்றே உறுதியில்லாததால் 300 அடி கணக்கை ரொம்ப நம்ப வேண்டாம்.

மைக்கூடு:
கிளைடர் விஷயம் ஒப்புக்கொள்கிறேன், வசதிதான். ஆனால் அந்தச் சாவு பீட்டருக்கு எந்த நிம்மதியும் தரவில்லையே. பழி தீர்ந்த திருப்தி இல்லாமல் வெறுமையாக நிற்கிறான்.

நீங்கள் தாண்டிப்போன இடம் ஹாரி: பீட்டரின் நண்பன், காப்ளின் வேடம் போடும் நார்மன் ஆஸ்பர்னின் மகன். காப்ளினைத் தேடி ஆஸ்பர்ன் வீட்டுக்குப் போகிறான் பீட்டர். போதை மருந்தால் படுத்துக்கிடக்கும் ஹாரி, போகாதே என்று கெஞ்சுகிறான். பீட்டர் விட்டுவிட்டுப் போகிறான். இப்போது கடைசிப் பக்கத்துக்கு வாருங்கள். அறையில் இன்னொரு தோழி மேரி ஜேன். உன் சொந்த அம்மா செத்தால்கூட உனக்கு வருத்தம் இருக்காது என்கிற அளவுக்கு அவளைக் குத்திப் பேசி, வெளியே போகச் சொல்கிறான். அவள் கதவு வரை போகிறாள். தயங்குகிறாள். கதவைச் சாத்திவிட்டு உள்ளேயே நிற்கிறாள். ஒரு ‘க்ளிக்’, வேறு பேச்சில்லை. பீட்டர் தன் நண்பன் ஹாரிக்குச் செய்யாததை அவள் பீட்டருக்குச் செய்கிறாள். இரண்டு இதழுக்கும் உயிர்நாடி பொடி எழுத்தில் வந்த ஒரு சத்தம்: ஒன்று ஸ்நாப், இன்னொன்று க்ளிக்.

கட்டத்துக்கு_வெளியே:
ஹாரி–மேரி ஜேன் பொருத்தத்தை நான் கவனிக்கவில்லை, அது நல்ல பிடி. ஆனாலும் செத்தவள் எங்கே? இரண்டு ஆண்களின் சண்டைக்குக் காரணமாகச் சாவதைத் தவிர க்வெனுக்கு 121-ல் என்ன வேலை கொடுத்தார்கள்? பீட்டரை வளர்த்த அத்தை மேயைக் கொல்லும் யோசனை இருந்து, அதனால் பெரிதாக எதுவும் மாறாது, க்வென்தான் சரி என்று ஸ்பைடர்மேன் ஓவியர் ஜான் ரொமீட்டா சொன்னதாகத்தான் வரலாறு. பீட்டருக்கு எவ்வளவு வலிக்கும் என்று பார்த்து ஆளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். போதாததற்கு 1975-ல் 144-ஆம் இதழின் கடைசிப் பக்கத்தில் க்வென் உயிரோடு வந்து நிற்கிறாள், பிறகு அது குளோன் (அவளுடைய உயிர் நகல்) என்று கதை போகிறது. எழுதியதும் அதே கான்வே.

மைக்கூடு:
144-க்கு 122 பொறுப்பில்லை. காப்ளின் சாகும்போது இருட்டில் ஒருவன் நின்று பார்ப்பதைத்தான் 122 விதைத்தது. அது 136-ல் ஹாரியே காப்ளின் உடையில் வந்து நிற்பதில் முடிகிறது. கெஞ்சக் கெஞ்ச விட்டுவிட்டுப் போன அதே ஹாரி.

கட்டத்துக்கு_வெளியே:
சரி, 136-ஐ எடுத்துவைத்துவிட்டு வருகிறேன். கிளைடரில் மட்டும் நான் மாறமாட்டேன்.