ஷோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் ஆய்வேடு தேடியவர்கள் சொல்லுங்கள்

தென்காசிப் பக்கம் ஒரு கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன். வில்லுப்பாட்டுக் கதைகளைப் பற்றி இதுவரை யார் யார் ஆய்வு செய்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டியிருந்தது. முன்பெல்லாம் நெறியாளரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு பல்கலைக்கழக நூலகத்துக்குப் பஸ் ஏற வேண்டும். ஆய்வேட்டை வெளியே தரமாட்டார்கள், அங்கேயே உட்கார்ந்து குறிப்பெடுக்க வேண்டியதுதான். ஜெராக்ஸ் கேட்டால் முறைப்பார்கள்.

பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் காந்திநகர் இன்ஃப்ளிப்நெட் மையம் ஷோத்கங்காவைத் தொடங்கிய பிறகு அந்த அலைச்சல் போயிற்று. ஆய்வேட்டின் மென்நகலை அங்கே கொடுக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2009இல் விதி கொண்டுவந்தது. 2016இல் பட்டத்தை அறிவிக்கும் முன்பே கொடுத்தாக வேண்டும் என்று இறுக்கினார்கள். காசு கிடையாது, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம்.

ஆனால் இருப்பது கண்ணில் பட வேண்டுமே! ‘வில்லுப்பாட்டு’ என்று தமிழில் அடித்தால் சொற்பம்தான் வந்தது. ஆங்கில எழுத்தில் அடித்ததும் வேறு சில வந்தன. அதிலேயே மெய்யெழுத்தை இரட்டித்து அடித்தால் இன்னும் சில. ஒரு வழியாகக் கோப்பைத் திறந்து ஒரு பத்தியை நகலெடுத்து ஒட்டினால், ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி என்று விழுகிறது. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த ஆய்வேடு. கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு வெறும் ஆங்கில எழுத்துகள். அப்புறம் எந்தத் தேடல் அதைக் கண்டுபிடிக்கும்? உங்களுக்கெல்லாம் எப்படி?

நூலகப் பணியாளர், கோவை

ஆய்வேட்டை ஏற்றுகிறவர்கள் பக்கத்திலிருந்து சொல்கிறேன் சார். மாணவர் டிடிபி கடையில் அடித்து, பைண்டிங் செய்து, கூடவே ஒரு சிடி கொண்டுவருவார். சிடி திறக்காவிட்டால் வன்நகலை ஸ்கேன் செய்வோம். அது வெறும் படம், அதற்குள் ஒரு சொல்லைக்கூடத் தேட முடியாது. தலைப்பையும் ஆய்வாளர் பெயரையும் பதிவது பெரும்பாலும் தமிழ்த்துறை ஆளாக இருக்கமாட்டார். அவருக்கு வாயில் வந்த ஆங்கில எழுத்துக்கூட்டல்தான் கடைசிவரை நிற்கும்.

தேடல் பெட்டியை நம்பாதீர்கள். பல்கலைக்கழகம், அதற்குள் துறை என்று இறங்கிப் பட்டியலைப் பாருங்கள். நெறியாளர் பெயர் தெரிந்தால் இன்னும் நல்லது. ஒரே நெறியாளரிடம் வில்லுப்பாட்டு, கணியான் கூத்து, கதைப்பாடல் என்று வரிசையாகச் செய்திருப்பார்கள். ஆய்வேடு இயல் இயலாகத் தனித்தனிக் கோப்பாக இருக்கும். அவசரமென்றால் 80 என்ற எண்ணில் தொடங்கும் கோப்பை முதலில் திறங்கள், பெரும்பாலும் தலைப்புப் பக்கமும் முடிவுரையும் அதில்தான் இருக்கும்.

முனைவர் பட்டம் முடித்தவர், மதுரை

என் ஆய்வேட்டை ஏற்றும்போது, “போட்டால் சுட்டுவிடுவார்கள்மா” என்று துறையில் பயமுறுத்தினார்கள். சுடுகிறவர் அலமாரியில் இருக்கும்போதே சுட்டுக்கொண்டுதான் இருந்தார், அப்போது யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான். இணையத்தில் தேதியோடு இருப்பது எனக்குத்தான் பாதுகாப்பு. ஷோத்சுத்தி திட்டத்தில் 2019லிருந்து பல்கலைக்கழகங்களுக்கு ஒப்புமை பார்க்கும் மென்பொருளும் தருகிறார்கள். ஆனால் பாமினி ஆய்வேட்டிலிருந்து எடுத்து, கணினி தமிழாகவே அறியும் யூனிகோடில் அடித்துவிட்டால் அந்த மென்பொருள் எதைப் பிடிக்கும்? நீங்கள் சொன்ன ஜே, கே, பி, ஓவோடு ‘தமிழ்’ ஒத்துப்போகாதே. அந்த ஓட்டையைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஆய்வாளர் அல்லாதவன், நாங்குநேரி

நான் விவசாயம் பார்க்கிறவன். எங்கள் ஊர்க் கோயில் கொடை விழாவைப் பற்றி ஓர் ஆய்வேடு இருப்பதாகத் தம்பி மகன் காட்டினான். பின்னிணைப்பில் என் ஆச்சி பாடிய ஒப்பாரி முழுசாக இருந்தது. ஆச்சி போய் வெகுகாலம் ஆகிறது. வீட்டில் யாருக்கும் அந்தப் பாட்டு முழுசாகத் தெரியாது, எங்களுக்கு அது பெரிய விஷயம்.

ஒரு சங்கடமும் உண்டு. கடைசியில் தகவலாளர் பட்டியல் என்று பெயர், வயது, சாதி, தெரு எல்லாம் போட்டிருக்கிறது. இரண்டு பகுதிக்கு இடையே நடந்த கோயில் வழக்கு பற்றி ஒருவர் சொன்னது அவர் பெயரோடு அப்படியே இருக்கிறது. கேட்டு எழுதிய பிள்ளை அது நூலகத்தில் தூங்கும் என்று நினைத்திருப்பார். இப்போது எவன் போனிலும் திறக்கும். ஆய்வேடு திறந்திருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏற்றும் முன் அந்தப் பட்டியலை மட்டும் எடுத்துவிட்டால் என்ன?

யாழ்ப்பாணத்திலிருந்து

எங்கட பக்கத்து ஆய்வுகள் பல இங்கிலாந்தில் செய்யப்பட்டவை. அவற்றை பிரிட்டிஷ் நூலகத்தின் ஈத்தோஸ் தளத்தில் தேடி எடுத்து வந்தேன். 2023 அக்டோபரில் அந்த நூலகத்தின் மீது இணையத் தாக்குதல் நடந்ததும் அதுவும் முடங்கியது. நான் தேடிய ஆய்வேடு, அதைச் செய்த பல்கலைக்கழகத்தின் சொந்தக் களஞ்சியத்தில் கிடைத்தது. மத்தியில் ஒன்று இருந்தாலும் ஊரில் ஒரு பிரதி வேண்டும்.

தென்காசி (முதல் பதிவர்)

நாங்குநேரி அண்ணாச்சி சொன்னதை எங்கள் துறைக் கூட்டத்தில் வைக்கிறேன். கோவை நண்பர் சொன்னபடி நெறியாளர் பெயரில் தேடினேன், முத்துப்பட்டன் கதை பற்றிய ஆய்வேடு அகப்பட்டது. எழுத்துருமாற்றியில் போட்டால் முக்கால்வாசி சரியாக வருகிறது, கொம்பும் காலும்தான் இடம் மாறி நிற்கின்றன. இதைவிட நல்ல மாற்றி யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.