மறு: சவானா – ‘புறவு’ எனலாமா?

ஐயா, வணக்கம். சவானா (savanna) என்பது மரமும் புல்லும் கலந்த வெப்பமண்டல நிலம். சங்க இலக்கியத்தில் முல்லை நிலத்தைக் குறிக்கும் ‘புறவு’ என்ற சொல்லையே அதற்குத் தமிழ்க் கலைச்சொல்லாக வைக்கலாமா என்பதுதான் கேள்வி. நீங்கள் எழுதியது:

> புறவு என்றால் புறா. குழப்பம் வரும். ‘மரப்புல்வெளி’ என்றே வைத்துவிடலாம்.

புறாவும்தான். புறநானூறு 39இல் வரும் ‘புறவின் அல்லல்’ சிபி காப்பாற்றிய பறவையின் துன்பமே. ஆனால் திங்கள் என்றால் நிலவா, கிழமையா என்று இன்று யாரும் தடுமாறுவதில்லை. தவிர, புறாவைப் புறவு என்று இப்போது யார் சொல்கிறார்கள்?

மரப்புல்வெளி என்பது புல்வெளியில் யாரோ மரம் நட்டதுபோல இருக்கிறது. சவானாவில் மரமும் புல்லும் சேர்ந்ததுதான் நிலமே. மரங்களின் தலைகள் ஒன்றோடொன்று கூடாததால் வெயில் தரைவரை இறங்குகிறது, புல் நிற்கிறது.

மதுரைக்காஞ்சியில் ‘முல்லை சான்ற புறவு’ என்று முடியும் பகுதியைப் பாருங்கள். தினை கொய்கிறார்கள், எள்ளின் காய் கறுக்கிறது, வரகுக் கதிர் முற்றி உலர்கிறது, நௌவி மான் பிணையோடு துள்ளுகிறது, கொன்றை நிழலில் பூ உதிர்ந்து கிடக்கிறது. அடர்ந்த காட்டில் வரகு விளையுமா? அகநானூறு 4இல் இரும்பை முறுக்கியது போன்ற கொம்புடைய இரலை வருகிறது. வெளிமானேதான்; திறந்த வெளியில் ஓடிப் பிழைக்கிற விலங்கு. அந்தப் பாட்டு ‘கானம்’ என்கிறதே என்பீர்கள். சரி, ஆனால் கானம், கானகம் என்றதும் இன்றைய வாசகருக்கு இருண்ட காடுதான் கண்முன் வரும். காடு என்ற சொல்லோ கொங்குப் பக்கம் புன்செய் வயலுக்கே போய்விட்டது.

காங்கேயம் வட்டாரத்துக் கொறங்காட்டைப் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு புதிதல்ல: சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்வேலம், கீழே கொழுக்கட்டைப்புல், மேயும் மாடுகள். அது மனிதர் அடைத்துப் பேணும் மேய்ச்சல் நிலம் என்பதால் அந்தப் பெயரையே சவானாவுக்கு வைக்க முடியாது. பாடப்புத்தகத்தில் படம் போட்டு விளக்க நல்ல உதாரணம்.

கலைச்சொல் என்றால் குட்டி போடவும் வேண்டும். முட்புறவு, புதர்ப்புறவு, ஈரப்புறவு எல்லாம் இயல்பாக வருகின்றன. அமேசான் காடு வறண்டு சவானாவாக மாறலாம் என்கிறார்களே, அதைப் ‘புறவாதல்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். ‘மரப்புல்வெளியாதல்’ என்று எழுதிப் பாருங்கள், அப்புறம் சொல்லுங்கள்.

ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டி சவானாவைச் ‘செரெங்கெட்டிப் புறவு’ என்றால் என் காதுக்கு நன்றாகவே இருக்கிறது. ஸ்டெப்பிக்கும் (ஐரோப்பா, ஆசியாவின் வறண்ட புல்வெளி) இதையே வைக்கலாம் என்று நேற்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம், அங்கே மரமே கிடையாது. அதற்குத் தனி இழை தொடங்குங்கள்.