வெள்ளைக் கொடி நாட்களில் நான் தாண்டிப் போன வீடு (உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்)

லயத்துப் பிள்ளை:
2021 ஜூலை. மலேசியாவில் கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை, சாப்பாட்டுக்கு வழியில்லாத வீடுகள் உதவி கேட்டு வாசலில் கட்டிய வெள்ளைக் கொடி, எல்லாம் உங்களுக்கே தெரியும். சுங்கை சிப்புட் பக்கம் மூன்று தோட்டங்களுக்கு எங்கள் மாதா கோயில் உதவிக் குழு சாமான் கொண்டுபோனது. பழைய லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) வந்து சேர்ந்தபோது 22 பைதான் மிச்சம், வீடுகளோ முப்பதுக்கு மேல். எந்த வீட்டுக்குக் கொடுப்பது, எதை விடுவது என்று வேன் முன்சீட்டில் உட்கார்ந்து நான்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். ஒரு வீட்டுக் கூரையில் ஆஸ்ட்ரோ தட்டு (காசு கட்டிப் பார்க்கும் டிவிக்கான டிஷ்) தெரிந்தது. கொடியும் கட்டவில்லை. "இவங்களுக்கு வேண்டாம், அடுத்த வீட்டுக்குப் போங்கண்ணே" என்றேன்.

வேன் நகரும்போதுதான் பார்த்தேன். வாசலில் ஒரு பாட்டி. ஐந்தடியில் (வீட்டு முன் தாழ்வாரத்தில்) இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியைக் கழுவிப் போட்டிருந்தார், ஈரம்கூடக் காயவில்லை. பக்கத்தில் ஒரு ஸ்டூல், அதன் மேல் தட்டு, தட்டில் கவிழ்த்து வைத்த இரண்டு கிளாஸ். எங்களுக்குத்தான்.

கூரையில் இருந்த ஆஸ்ட்ரோ தட்டு முன்னால் குடியிருந்தவர்கள் விட்டுப்போனது, பாட்டி வீட்டில் டிவியே கிடையாது என்று இரண்டு வாரம் கழித்து மண்டோர் (தோட்டக் கண்காணி) சொன்னார். அன்றைக்கே போனேன். பாட்டி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "வாங்க தம்பி, காப்பி குடிக்கிறீங்களா" என்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

பீடோர் அக்கா:
தம்பி, வேனை விட்டு இறங்காமல் வீட்டை எடை போட்டதுதான் தப்பு, ஆஸ்ட்ரோ தட்டைக் குறை சொல்லாதீர்கள். வின்சென்ட் தே பவுல் சபைக்காரர்கள் (ஏழைகளுக்கு உதவும் கத்தோலிக்க அமைப்பு) பெரும்பாலும் இரண்டு பேராகத்தான் வீட்டுக்குள் வருவார்கள். 1833-இல் பாரிசில் ஓசானாம் என்ற இருபது வயது மாணவரும் அவருடைய நண்பர்களும் தொடங்கியதிலிருந்து வீடு தேடிப் போவதுதான் அவர்கள் வேலையே. அப்பா பால்மரத்து (ரப்பர்) வேலையில் கை போய்க் கிடந்தபோது எங்கள் வீட்டுக்கும் இரண்டு அண்ணன்மார் வந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, மாரியம்மன் படத்துக்குக் கீழே பாயில் உட்கார்ந்தார்கள். அரை மணி நேரம் அப்பாவிடம் பந்து விளையாட்டைப் பற்றியே பேசினார்கள். எழுந்திருக்கும்போதுதான் ஒருவர், "பிள்ளைங்களுக்கு ஸ்கூல் சப்பாத்து என்ன சைஸ்?" என்று கேட்டார். நான் கட்டை விரலை மடக்கிக்கொண்டு ஒரு சைஸ் குறைத்துச் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. வருஷம் முழுக்கக் கடித்தது.

கூலிம் வாசி:
எல்லாரும் அப்படி இல்லை அக்கா. எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) ஒரு கிறிஸ்தவ சபை (பெயர் வேண்டாம்) மாதாமாதம் அம்மாவுக்கு அரிசி கொடுத்தது. மூன்றாவது மாதம் ஒரு சகோதரி பையைக் கையில் வைத்துக்கொண்டே, "ஞாயிற்றுக்கிழமை உங்களைக் காணோமே" என்றார். அம்மா பையை வாங்க நீட்டிய கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கீழே விட்டார். நாலாவது மாதம் யாரும் வரவில்லை. கொடுப்பதாக இருந்தால் சும்மா கொடுங்கள்.

ஓய்வு கிராணி:
கூலிம் தம்பி சொல்வது நியாயம், ஆனால் ஒரு சகோதரியை வைத்து எல்லாச் சபையையும் அளக்க வேண்டாம். எனக்குத் தெரிந்த மெதடிஸ்ட் போதகர் ஒருவர், முருக பக்தரான ஒரு தாத்தாவின் பேத்திக்காகப் பதிவிலாகாவுக்கு (பிறப்பு, அடையாள அட்டை பதியும் அரசு அலுவலகம்) ஏழு தடவை நடந்தார்.

உதவிக் குழு நடத்துகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், அரிசி முக்கியம்தான், ஆனால் வீட்டில் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தை ஒரு தரம் கேட்டுப் பாருங்கள். கோயிலில் தாலி கட்டிவிட்டுப் பதியாமல் விட்டவர்கள் தோட்டங்களில் இன்னமும் இருக்கிறார்கள். 1982 மார்ச் 1-க்குப் பிறகு திருமணத்தைச் சட்டப்படி பதிந்தே ஆக வேண்டும். பதியாவிட்டால் பிள்ளை தாயின் குடியுரிமையைத்தான் பின்பற்றும். தாய்க்கு நீல ஐசி (மலேசியக் குடிமக்களின் அடையாள அட்டை) இல்லையென்றால் அப்பன் மலேசியனாக இருந்தும் பிள்ளைக்குக் குடியுரிமை தானாகக் கிடைக்காமல் போகலாம். அப்புறம் பள்ளியில் சேர்ப்பதற்கே அலைய வேண்டும், பெரியவனானால் வங்கிக் கணக்கு, லைசென்ஸ், நிரந்தர வேலை எல்லாமே திண்டாட்டம். ஆகவே கிளினிக் அட்டை, அப்பா அம்மா ஐசி நகல், தடுப்பூசிப் புத்தகம், எது கிடைத்தாலும் ஒரு பைலில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். பதிவிலாகாவுக்கு அவர்களைத் தனியாக அனுப்பாதீர்கள், மலாய் நன்றாகப் பேசும் ஒருவர் கூடவே போக வேண்டும். கவுண்டரில் "இல்லை" என்றால் திரும்பி வந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். முதல் இரண்டு தடவை அந்தப் பேத்தியும் அப்படித்தான் வந்தாள்.

பீடோர் அக்கா:
லயத்துத் தம்பி, அந்தப் பாட்டி வீட்டில் காப்பி குடித்தீர்களா இல்லையா?

லயத்துப் பிள்ளை:
குடித்தேன் அக்கா. அதே நாற்காலி, அதே கிளாஸ். காப்பியில் சீனி இல்லை. பாட்டிக்கு இனிப்பு நீர் (சர்க்கரை வியாதி) போல என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன். வேன் ஓட்டுகிற அண்ணன்தான் வழியில் சொன்னார், நம் பையில் அரிசி, எண்ணெய், சார்டின், மிலோ எல்லாம் இருக்கு, சீனி வைக்கவே இல்லையே என்று. அடுத்த வாரத்திலிருந்து ஒரு கிலோ சீனி சேர்த்தோம்.